புரியல, டீச்சர்

நான் பொய் சொல்லக்கூடிய ஆள்தான். ஆபீஸுக்குத் தாமதமானால் ரயில்மேல் பழி போடுவேன். ரயில் நேரத்துக்கு வந்துவிட்ட நாளில் மாமியார்மேல் போடுவேன். ஆனால் இது பொய் இல்லை. 2009 ஜனவரியில், கும்மிடிப்பூண்டியில், என் காதால் கேட்டது, என் மூக்கால் மோந்தது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

எல்லாம் ஒரு மெதுவடையில் ஆரம்பித்தது.

அப்போது எங்கள் மாவட்டத்தில் கணக்கு வாத்தியார் இல்லாத பன்னிரண்டு அரசுப் பள்ளிகளுக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். திருவள்ளூரில், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் ஜமுக்காளம் அடித்து, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தோம். கிறிஸ்டினா டீச்சர் அங்கே உட்கார்ந்து கணக்குப் போடுவார். பள்ளிகளில் பிள்ளைகள் திரையில் கணக்கைப் பார்ப்பார்கள், ஸ்பீக்கரில் குரலைக் கேட்பார்கள். முகம் தெரியாது. அந்த லைனுக்கு முகத்தை இழுக்கிற தெம்பு கிடையாது. இவ்வளவுக்கும் ஒருங்கிணைப்பாளர், பூவராகவன் ஆகிய நான்.

ஒரு நாள் பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்து, வாய் நிறைய வடையோடு, எங்கள் அதிகாரியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "பெருச்சாளி." மைக்கை நான் அணைக்கவில்லை. பன்னிரண்டு பள்ளிகளும் கேட்டன. அன்றைக்குப் பார்த்து அதிகாரி மீஞ்சூர்ப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போயிருந்தார். அவரும் கேட்டார். வடையை மென்ற சத்தம்கூடத் துல்லியமாக இருந்ததாம். எங்கள் லைன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளே உத்தரவு வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. அங்கே பதிமூன்றாவது மையத்தைத் திற, நீயே உட்கார்ந்து நடத்து. ஒரே மாவட்டம்தான். போய்ச்சேர ரெண்டு ரயில்.

தலைமையாசிரியர் ராஜமாணிக்கம் பழைய கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் ஆனதிலிருந்து சாக்பீஸைத் தொடுவதில்லை என்று விரதம். போன வருஷம் வரை பத்தாம் வகுப்பு நடந்த அறையை எனக்குக் கொடுத்தார். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததாம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. அழுகின முட்டை. அதற்குள் துருத் தண்ணீர். அதற்குள் இன்னொன்று... அதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, குமட்டல்தான் இருக்கிறது.

"எலி செத்திருக்கும் சார்," என்றார் அவர், வாசலைத் தாண்டாமலே.

அலமாரியை நகர்த்தினேன். மேசையைப் புரட்டினேன். எலியும் இல்லை, எலிப் புழுக்கையும் இல்லை. கம்பெனிக் காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன், நாற்றம் கூடியது. திறந்தேன், வெளிக்காற்று மணத்தது. தொழிற்பேட்டைக் காற்று மணக்கிறது என்று சொன்ன முதல் மனுஷன் நானாகத்தான் இருப்பேன். ஃபினாயில் ஊற்றினேன், ஊதுபத்தி கொளுத்தினேன். நாற்றம் அவற்றையும் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அங்கே பத்தாம் வகுப்பில் நௌஷீன் என்று ஒரு பெண். பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கிற குடும்பம். அரையாண்டில் கணக்கில் பத்தொன்பது மார்க். இவள் பொதுத்தேர்வு எழுதினால் பள்ளியின் நூற்றுக்கு நூறு ரிசல்ட் போய்விடும். அதனால் மாதக் கடைசியில் தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்கள் சென்னைக்குப் போவதற்கு முன்னால் டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு. அங்கே அது வழக்கம். கணக்கு வராத பிள்ளைகளைக் கழித்தால் ரிசல்ட் கூடும். அந்தக் கணக்கு மட்டும் ராஜமாணிக்கத்துக்கு நன்றாக வந்தது.

"மூணு வாரம் குடுங்க சார்," என்றேன். "கடைசி வெள்ளிக்கிழமை ஒரு டெஸ்ட்டு. முப்பத்தஞ்சு எடுத்துட்டா அவ பேரு போவணும்."

"எடுக்கலேன்னா?"

"டிசிய நானே எழுதித் தரேன்."

"சரி சார், வாக்கு," என்றார்.

என் வாய்க்கு வடையோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததே இல்லை.

பள்ளி விட்டதும் வகுப்பு. கணக்கு முடிந்தவுடன் கிறிஸ்டினா டீச்சர் கேட்பார், "புரிஞ்சுதா?" ஒவ்வொரு பள்ளியாக மைக்கைத் திறந்து, பிள்ளைகள் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்!" என்று கத்த வேண்டும். அதுதான் எங்கள் வருகைப்பதிவு. புரியவில்லை என்று சொல்ல எங்கள் ஏற்பாட்டில் இடமே வைக்கவில்லை. கத்தியது திருவள்ளூர் வரை போய், ரெண்டு விநாடி கழித்து எங்கள் ஸ்பீக்கருக்கே திரும்பி வரும். எதிரொலி. பழகிவிட்டது.

நாலாம் நாள் பிள்ளைகள் கத்தி முடித்தார்கள். எதிரொலி வந்தது. அதற்குப் பின்னால், தனியாக, ஒரு பையன் குரல்.

"...புரியல, டீச்சர்."

அறையைப் பார்த்தேன். யார் உதடும் அசையவில்லை. அதுகூடப் பெரிதில்லை. யாரும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா?

மறுநாளிலிருந்து பிள்ளைகள் கூரை பெயர்கிற மாதிரி கத்தினார்கள். "மாணவர் ஆர்வம் மிக நன்று" என்று திருவள்ளூருக்கு எழுதி அனுப்பினேன். கழுதை நான்.

அப்புறம் அந்த ஹெட்போன். நான் மட்டும் போடுவது. பூட்டிய அறையில் இருப்பது. ஒரு நாள் எடுத்து மாட்டினேன், காதுப் பஞ்சு ஈரம். ஈரம்கூடப் பரவாயில்லை... சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. கைக்குட்டையால் துடைத்தேன். கறுப்பாக, கபம் மாதிரி, நூல் நூலாக வந்தது.

கைக்குச் சோப்புப் போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மண்ணை அள்ளித் தேய்த்தேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். வீட்டில் ரசஞ்சோற்றைப் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனேன். விரலெல்லாம் அழுகின முட்டை. எங்கள் ஊர் திருவாலங்காடு. சாமியே பேய்களோடு சுடுகாட்டில் ஆடின ஊர். அந்த ஊர்க்காரன் ஒரு ஹெட்போனுக்குப் பயந்து பட்டினி கிடந்தேன்.

"அந்த ரூம்ல இன்னா சார் இருந்துச்சு?" என்று ராஜமாணிக்கத்தைக் கேட்டேன்.

"எலி சார்."

"எலி கணக்கு கேக்குமா?"

"ஒயரிங்குல கோளாறு இருக்கும். பார்த்துக்குங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். நௌஷீனுக்காக மட்டும் கிறிஸ்டினா டீச்சர் லைனில் இருந்தார். அவள் அம்மா பீவி ஜான், துணைக்கு வந்தவர், வெளியே வராந்தாவில் முக்காட்டால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணி. கரண்ட் போனது.

யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. கீ... கீ... கீ... திரை வெளிச்சம் மட்டும். அதில் ஒரு உருளை வடிவத் தொட்டி. ஆரம் கொடுத்திருக்கிறது, உயரம் கொடுத்திருக்கிறது, கொள்ளளவு கண்டுபிடிக்க வேண்டும்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது டீச்சர்," என்றாள் நௌஷீன்.

எதிரொலி வந்தது. பிறகு...

"புரியல, டீச்சர்."

கிறிஸ்டினா டீச்சர் பொறுமையாக மறுபடி சொல்லிக் கொடுத்தார். லைனில் வேறு பள்ளி இல்லை. எனக்குத் தெரியும். நான்தான் லைன் போட்டவன்.

"இப்ப?"

"புரியல, டீச்சர்."

ஹெட்போன் என் காதில் இருந்தது. ஈரம் கழுத்து வழியாக இறங்கியது. சட்டைக்குள். மெதுவாக.

"எந்த எடம் புரியல?" டீச்சர் குரலில் எரிச்சல்.

கீ... கீ...

நாற்றம் என் வாய்க்குள் வந்துவிட்டது.

"தொட்டிக்குள்ள எறங்குனா... எப்படி டீச்சர் மேல வர்றது?"

யுபிஎஸ் நின்றது.

இருட்டு.

அப்போது நௌஷீன் பேசினாள். என்னிடம் இல்லை.

"அண்ணா, நாளிக்கு எனக்கு டெஸ்ட்டு. இன்னிக்கி போயிடுங்க."

நாற்றம் எழுந்தது. என்னை உரசியது. கதவுப் பக்கம் போனது...

"யா அல்லா! இன்னா கவுச்சி இது!" வராந்தாவில் பீவி ஜான் குரல்.

வெளியே ஓடினோம். ஓடினோம் என்றால் நான் ஓடினேன். நௌஷீன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"யாரும்மா அது?"

"தெரில சார். தெனம் வருவாரு. டீச்சர் கோச்சுக்கினு லைன கட் பண்ணிடுவாங்கன்னுதான் நாங்க சத்தமா கத்திக்கினு இருந்தோம்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"டிசிக்குத்தான் சார் பயம்."

வெள்ளிக்கிழமை மரத்தடியில் வைத்து டெஸ்ட் எழுதினாள். நாற்பத்து மூன்று. தாளைத் தூக்கிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி ராஜமாணிக்கத்தின் அறைக்கு ஓடினேன். அவர் தாளைத் தொடவில்லை.

"நாப்பத்து மூணுதானே. பப்ளிக்ல சறுக்கிட்டா யாரு பதில் சொல்றது? டிசி எழுதியாச்சு சார்."

"வாக்கு குடுத்தீங்களே சார்."

"பொம்பளப் புள்ள. கட்டிக் குடுத்துடுவாங்க. நீங்க இன்னாத்துக்கு பேஜாராவறீங்க?"

எனக்குக் குமட்டியது. அந்த அறையில் வருகிற அதே குமட்டல். ஆனால் இங்கே சந்தன ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

அப்போது நான் சொன்னது பொய். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். "சார், நம்ம அதிகாரி லைன்ல இருக்காரு. உங்க கிட்ட பேசணுமாம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த அறைக்குள் வந்தார். லைனை நான் போடவே இல்லை. சுவரிலிருந்து பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. அந்த ஈரம் ஒரு தடவை அவர் காதில் ஒட்டட்டும், அப்புறம் எலி என்று சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஹெட்போனை மாட்டினார். முகம் சுளித்தார்.

"ஐயா, வணக்கம்..."

நின்றார்.

கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் காதில் எதுவும் விழவில்லை. மின்விசிறி கிரீச்... கிரீச்... அவ்வளவுதான்.

"இல்லப்பா..." என்றார்.

பிறகு, "இல்ல. அப்பிடி இல்லப்பா..."

பிடுங்கி எறிந்தார். காதைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

குழாயடிக்கு ஓடினார். கழுவினார். வாந்தி எடுத்தார். மறுபடி கழுவினார். காது சிவந்து தோல் உரிகிற வரை தேய்த்தார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து நான்தான் ஊற்றினேன். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஊற்றினேன்.

"அந்தப் பொண்ணு பேர அனுப்பிடறேன்," என்றார். சட்டைப் பையிலிருந்து டிசியை எடுத்து ஈரக் கையாலேயே கிழித்தார்.

"யாரு சார் அது? எலின்னு மட்டும் சொல்லாதீங்க."

வாயைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"போன வருஷம் நாலு பசங்களுக்கு டிசி குடுத்தேன். நாலு பேரும் ஒரு கம்பெனில கழிவுத் தொட்டி கழுவப் போனானுங்க. மொதல்ல எறங்குனவன் மேல வரல. அவனத் தூக்க எறங்குனவன் வரல. மூணாவது எறங்குனவனும் வரல."

"அந்த மூணு பேர்ல ஒருத்தனா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"நாலாவது பையன் சார். ராபின். எட்டாவதுல நான்தான் அவனுக்குக் கணக்கு எடுத்தேன், அந்தக் குரலு எனக்குத் தெரியாதா? அவன் எறங்கல. மேல நின்னு கயிறு புடிச்சுக்கினு இருந்தான். அவன் சாவல சார். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரி கழுவறான். நேத்துகூட பார்த்தேன். அன்னிலேர்ந்து அவனுக்குப் பேச்சே வர்றதில்ல."