பார்வதி சிஸ்டருக்கு எடுத்த ரெஸ்ட் ரீடிங்

1. ஏப்ரன் கீழே விழுந்த காலை

அன்றைக்கு இரண்டாவது கேஸ் முடிந்து பேஷண்டை வார்டுக்கு அனுப்பியிருந்தோம். பார்வதி சிஸ்டர், எக்ஸ்ரே படாமல் இருக்கப் போடுகிற கனமான லெட் ஏப்ரனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டப் போனார். மாட்டவில்லை. அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சிஸ்டர் செய்யுது?" என்று ஓடினேன்.

"நெஞ்சை யாரோ உள்ளங்கையால அமுக்கறாப்ல இருக்கு கணேசா. படி ஏறினா வரும். இன்னிக்குப் படியே ஏறாம வந்துடுத்து."

மும்பையில் செம்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கேத் லேப் டெக்னீஷியனாக நான் வேலை பார்த்த காலம் அது. மணிக்கட்டு வழியாக ஒயரைச் செலுத்தி, மருந்து அடித்து, இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிற அறை கேத் லேப். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கன்ஸோலில் இருப்பேன். பார்வதி சிஸ்டர் அந்தப் பக்கம் டேபிள் அருகே நிற்பார். நான் தாராவியில் பிறந்தவன், அப்பா அம்மாவுக்கு ஊர் திருநெல்வேலி. சிஸ்டர் மாட்டுங்கா, பாலக்காட்டுக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு அந்த அறைதான் எல்லாம். டாக்டர் கை நீட்டுவதற்கு முன் எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு எப்போது என்ன வேண்டும் என்றும் தெரியும். ஒரு நாள் முழுக்க நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசாமல் வேலை பார்த்ததுண்டு. அந்த மாதிரி ஒரு ஜோடி பிறகு எனக்கு அமையவே இல்லை.

மறுநாள் எங்கள் டேபிளிலேயே சிஸ்டரைப் படுக்கவைத்து ஆஞ்சியோ எடுத்தோம். பெரிய டாக்டர் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்.

"ஏக்தம் க்ளீன், பார்வதி. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே. இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் வரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. படத்தில் அடைப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து பிரிந்து சதைக்குள் போகிற, முடியைவிட மெல்லிய குழாய்கள் எந்தப் படத்திலும் விழாது.

2. பேரில்லாத வலி

வலி நிற்கவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் பாதிப் படியில் நின்று, போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பின்னால் வருகிற கூட்டம் இடித்துக்கொண்டு போகும். இரண்டு முறை நானே பார்த்தேன். டூட்டியில் அடிக்கடி உட்கார வேண்டிவந்தது. மேட்ரன் கூப்பிட்டு, வியாதி இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் ஒழுங்காக டூட்டி பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். புதிதாக வந்த பெண்கள் சிஸ்டரின் காதுபட "டிராமா" என்று ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள்.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சிஸ்டர் சொன்னார்: "மோசமான வியாதியா இருந்தாலும் தேவலை கணேசா. அதுக்கு ஒரு பேர் இருக்கும். பேரில்லாத வலியை வச்சுண்டு நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஜோஷி சேர்ந்தார். இளவயதுப் பெண், மராட்டிக்காரர். சிஸ்டரின் ஆஞ்சியோவைத் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சின்னக் குழாய்களை டெஸ்ட் பண்ணலாம். பிரஷர் ஒயர் போடலாம்" என்றார். பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்து, சரி என்றார்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாளிலிருந்து காபி கூடாது. காபி குடித்தால் டெஸ்ட்டில் கொடுக்கிற அடினோசின் மருந்து சரியாக வேலை செய்யாது. "டெஸ்ட்டுக்குக்கூட நான் பயப்படலை, காபிக்குத்தான்" என்றார் சிஸ்டர். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

3. ரெஸ்ட் ரீடிங்

இந்த டெஸ்ட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுனியில் சென்ஸார் உள்ள ஒயரை இதயக் குழாய்க்குள் வைப்போம். சலைனை மூன்று முறை வேகமாக அடித்தால், ஒவ்வொரு முறையும் அது சென்ஸாரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மெஷின் கோடு போடும். முதலில் இதயம் சும்மா இருக்கும்போது, அதாவது ரெஸ்ட்டில் எடுப்போம். பிறகு அடினோசின் ஏற்றி, சின்னக் குழாய்கள் முழுக்க விரிந்த நிலையில் எடுப்போம். ரெஸ்ட்டைவிட ஓட்டம் எத்தனை மடங்கு ஏறியது என்பது ஒரு கணக்கு. குறைவாக ஏறினால் சின்னக் குழாய்களில் கோளாறு என்பார்கள்.

சிஸ்டருக்கு ரெஸ்ட் ரீடிங் எடுத்தபோது மானிட்டரில் பல்ஸ் ஏறிக் கிடந்தது. எத்தனையோ பேரை அந்த டேபிளில் தைரியம் சொல்லிப் படுக்கவைத்தவர், தான் படுத்ததும் விரல்களை மடக்கிக்கொண்டு கூரையையே பார்த்தார். சலைன் மிக வேகமாக ஓடியது.

"இதை வச்சுக் கணக்குப் போடாதே" என்றார் டாக்டர் ஜோஷி.

"ஏன் மேடம்? கோடு மூணும் ஒண்ணா விழுந்திருக்கே?"

"பெண்களுக்கு ரெஸ்ட்லயே ஓட்டம் ஜாஸ்தியா இருக்கிறது உண்டு. தொடங்குற இடமே உயரமா இருந்தா, எத்தனை மடங்கு ஏறுச்சுங்கிற கணக்கு தானா குறையும். குழாய் நல்லா இருந்தாலும் குறையும். இதுல பயம் வேற சேர்ந்திருக்கு. இதைப் பார்த்து வியாதின்னு எழுதினா, நாளைக்கு யாராவது தப்புன்னு அடிச்சிடுவாங்க. முதல்ல அவங்க அமைதியாகணும். நீ உள்ளே போய்ப் பேசு."

ஏப்ரனைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். என்ன பேசுவது? பேசாமலே பழகியவர்கள் நாங்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சிஸ்டர், நீங்க சொன்ன மோர்க்குழம்பை என் வீட்டுக்காரி வச்சா. திரிஞ்சு போச்சு."

அவர் கண் என் பக்கம் திரும்பியது. "கொதிக்க விட்டாளா?"

"நல்லா தளதளன்னு கொதிக்க விட்டுட்டு டிவி பார்த்துக்கிட்டு இருந்தா."

"அடடா, கொதிக்கவே விடப்படாது. நுரைச்சு வரச்சே எறக்கிடணும். தேங்காயை நன்னா மசிய அரைச்சாளா?"

"மிக்ஸி ரிப்பேரு. பக்கத்து வீட்ல அரைச்சுட்டு வந்தா. அவ என்ன சொல்லுதா தெரியுமா? உங்க சிஸ்டருக்கு எதையும் முழுசாச் சொல்லித்தரத் தெரியாதுங்கா."

"நேரே அழைச்சுண்டு வா அவளை. நான் நின்னு பண்ணிக் காட்டறேன்."

மடக்கிய விரல்கள் விரிந்தன. பல்ஸ் இறங்கியது. டாக்டர் மெதுவாகத் தலையசைத்தார். நான் கன்ஸோலுக்கு வந்தேன், மறுபடி ரெஸ்ட் எடுத்தோம். பிறகு அடினோசின். அது ஏறும்போது நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். "இதேதான், இதே வலிதான்" என்று சிஸ்டர் சொன்னது மைக்கில் கேட்டது.

மடங்குக் கணக்கு இப்போது கொஞ்சம் மேலே வந்தது, ஆனாலும் குறைவுதான். டாக்டர் அதோடு விடவில்லை. ரெசிஸ்டன்ஸ் என்று இன்னொரு கணக்கு உண்டு. குழாய்கள் முழுக்க விரிந்த பிறகும் ரத்தத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்ப்பது. ரெஸ்ட்டில் ஓட்டம் எப்படி இருந்தது என்ற பிரச்சினை அதில் இல்லை. அந்த எண் தெளிவாக அதிகமாக வந்தது.

டாக்டர் ஜோஷி சிஸ்டரின் தோளில் கை வைத்தார். "சிஸ்டர், சின்னக் குழாய்கள்ல தடை இருக்கு. உங்க வலி நிஜம். அதுக்குப் பேர் இருக்கு. மருந்தும் இருக்கு."

சிஸ்டர் அழுதார். துடைத்துக்கொள்ளக் கையை அசைக்க முடியாது, ஒரு கையில் ஒயர், இன்னொன்றில் மருந்து ஏற்றுகிற ஊசி. நான்தான் உள்ளே போய்ப் பஞ்சால் துடைத்துவிட்டேன். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சிஸ்டரின் பெட்டுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

4. கீழ்த்தளம்

மாத்திரையில் வலி நன்றாகக் குறைந்தது. பாலத்தில் நிற்காமல் ஏற முடிந்தது. ஆனால் வியாதி என்று எழுத்தில் வந்துவிட்டதே. ஏப்ரனைச் சுமந்து நாளெல்லாம் நிற்கிற வேலை இனி வேண்டாம் என்று நிர்வாகம் சிஸ்டரைக் கீழ்த்தளத்து வெளிநோயாளிப் பிரிவான ஓபிடிக்கு மாற்றியது.

"பேர் வேணும்னு கேட்டேன். குடுத்துட்டு ரூமை எடுத்துண்டுட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மேலே வேறு நர்ஸ் வந்தார். நல்ல வேலைக்காரி, குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும் ஒவ்வொரு முறையும் பார்வதி சிஸ்டர் ஞாபகம் வரும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே அவரிடம் போய்விடுவேன்.

ஓய்வுபெற்றதும் கோயம்புத்தூரில் தங்கையோடு இருக்கப் போனார். கிளம்புகிற அன்று ரூமை ஒருமுறை பார்க்க மாடிக்கு வந்தார். உள்ளே கேஸ் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் சிவப்பு விளக்கு. கதவின் சின்னக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அடினோசின் ஏறிக்கொண்டிருந்த நேரம், கன்ஸோலை விட்டு நான் எழக்கூடாது. அது அவருக்குத் தெரியும். எழாதே என்று கையைக் காட்டினார். கேஸ் முடிந்து வெளியே வந்தபோது டிரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். படம் சுத்தமாக இருந்தால் பேஷண்டிடம் "ஒண்ணும் இல்லை" என்று சொல்லாதீர்கள். "இந்தப் படத்துல தெரியலை" என்று சொல்லுங்கள். அது பெண்ணாக இருந்தால், அவளுடைய எண்ணை எழுதும் முன் அவள் எந்த நிலையில் படுத்திருந்தாள் என்றும் பாருங்கள்.

நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் போன் செய்தார். அவர் மாத்திரை, என் பேரப்பிள்ளை என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு, "ரூம்ல இப்ப யார் இருக்கா கணேசா?" என்று கேட்டார்.

"தெரியலை சிஸ்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.