ஆறு மாதச் சோகப் பாட்டு

எண்பதுகளில் ஒரே ஒரு பாட்டை வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஆக்லாந்துக்கு வந்தும் அது தெளியவில்லை. அப்படியொரு குழுவின் இசைத்தட்டு இங்கே மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. இணையத்தில்கூட அந்தப் பாட்டு இல்லை. பாடியவனின் கனத்த குரலில் அவ்வளவு துயரம். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் போட்டுக்காட்டினேன். தேத்தண்ணீர் ஆறினாலும் விடவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள், பாட்டு ஓடும்போதே தூசி துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை இசைத்தட்டுக் கருவியின் வேகப் பொத்தானில் பட்டது. தட்டு விரைந்து சுழன்றது. பாடியவன் மறைந்து, ஒரு இளம்பெண் துள்ளலாகப் பாடினாள். அதுதான் பாட்டின் சரியான வேகம்; பெரிய தட்டு என்றால் மெதுவாகத்தான் சுற்றும் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இஞ்சருங்கோ, ஆறு மாசமா அந்தப் பிள்ளையை வீணா அழ வச்சுப்போட்டியள்!"