புவாண்ட்-கிளேரில் ஒரு மடிப்புக் கமெரா

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்றியல் 540 கிலோமீற்றர். போய்வர 92 டொலர். பையில் இரண்டு சட்டை, மொன்றியலில் இருக்கும் அக்கா சொல்லிவிட்ட முருங்கைக்காய், நான்கு சுருள் பிலிம், என்னுடைய மடிப்புக் கமெரா. இது 2006 ஒக்டோபர். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் டிஜிட்டல் கமெராவுக்கு மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை. மாறப் போவதுமில்லை.

மடிப்புக் கமெராவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூடியிருந்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். முன்கதவைத் திறந்தால் லென்ஸ் ஒரு கறுப்புத் துருத்தியோடு வெளியே வரும். என்னிடம் இப்படி ஆறு இருக்கின்றன, எல்லாம் ஐம்பதுகளில் ஜெர்மனியில் செய்தவை. ஆனால் ஒன்றிலும் தூரம் பார்க்கும் கண்ணாடி இல்லை. ஆள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று கண்ணால் மட்டிட்டுத்தான் லென்ஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். போன வருடம் அக்கா வீட்டில் என் மட்டு பிழைத்தது. அக்கா மங்கலாகவும் அவளுக்குப் பின்னால் நின்ற பிரிட்ஜ் தெளிவாகவும் விழுந்தன. அத்தான் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அன்பினால் அல்ல.

தூரம் பார்க்கும் கண்ணாடி உள்ள கமெராவில் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரி. அப்படி ஒன்றை வாங்கத்தான் இந்தப் பயணம். ஞாயிற்றுக்கிழமை மொன்றியலின் மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் பழைய கமெராச் சந்தை இருந்தது.

மதியம் 1.40க்கு மொன்றியல். மெத்ரோ ரயிலுக்கு இரண்டரை டொலர். செம்மஞ்சள் பாதையில் ஏறி, நீலப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான செயின்ட்-மிஷேலில் இறங்கினேன். மூலையில் இருந்த தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வாசலில் அத்தான் சிகரெட்டோடு நின்றார்.

“வா தம்பி. பிரிட்ஜ் உன்னை விசாரிச்சது.”

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா மட்டும் எனக்காகக் கதைத்தாள். “அவன் ஒருக்காப் பிழைவிட்டவன். நீங்கள் வருசம் முழுக்கச் சொல்லுறியள்.”

ஞாயிறு காலை 9.30க்கு அத்தானின் காரில் புறப்பட்டோம். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே அரை மணி நேரம். அத்தானுக்கு அங்கே ஒரு பண்டகசாலையில் வேலை, அதனால் வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. சந்தை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். நுழைவு ஐந்து டொலர். முப்பது மேசை இருக்கும். தோலும் எண்ணெயும் கலந்த வாசனை.

மூன்றாவது வரிசையில் அதைக் கண்டேன். என் கமெராவின் அதே தயாரிப்பு, ஆனால் தூரம் பார்க்கும் கண்ணாடியோடு. அது வியாபாரியின் இடது கையில் திறந்தபடி இருந்தது. வலது கையில் திருகாணி கழற்றும் கருவி. எதிரில் கழுத்தில் பெரிய டிஜிட்டல் கமெரா தொங்கும் ஒருவர் காத்துநின்றார். அவர்கள் பிரெஞ்சில் பேசினார்கள்.

“என்னவாம் அத்தான்?”

“கமெரா செத்துப்போச்சாம். பிலிமை இழுக்கிற பிடி இறுகிட்டுதாம். லென்ஸைக் கழட்டி அந்தாளுக்கு விக்கப் போறான். அந்தாள் அதைத் தன்ரை டிஜிட்டல்லை போட்டுப் பாக்கப் போறாராம்.”

எத்தனை படம் மிச்சம் என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். ஒன்றில் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது.

இந்த வகைக் கமெராவில் எண் முப்பத்தாறிலிருந்து கீழே இறங்கும். ஒன்றுக்கு வந்ததும், பிலிம் முடிந்தது என்று பிடி தானாகப் பூட்டிக்கொள்ளும். அது பழுதல்ல. என்னுடையதும் ஒருமுறை அப்படிப் பூட்டியது. நான் உடைத்துவிட்டேன் என்று பயந்து இரண்டு வருடம் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலக் கைநூலைப் படம் படமாகப் பார்த்து, பின்பக்கத்துச் சிறிய பொத்தானை ஒரு விரல் அழுத்துகிற படத்தைக் கண்ட பிறகுதான் மீட்டெடுத்தேன்.

“அத்தான், அது பழுதில்லை எண்டு சொல்லுங்கோ.”

“சும்மா இரு. அவன்ரை சாமான், அவன் உடைப்பான்.”

“கெதியாச் சொல்லுங்கோ.”

“நான் இந்தப் பக்கம் வேலை செய்யிறவன், தெரிஞ்ச ஆக்கள் பாப்பினம். என்னை விசராக்காதை.”

முதல் திருகாணி அசைந்தது. நான் கையை நீட்டிக் கமெராவை மூடிப் பிடித்தேன். “ஸ்டொப்” என்றேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்து மேசைகள் திரும்பின. அத்தான் என்னைத் தெரியாதவர்போல் இரண்டடி விலகி நின்றார். வியாபாரி என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

“நொட் புரோக்கன்” என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. என் கமெராவை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதன் பொத்தானைக் காட்டினேன். வியாபாரி கருவியைக் கீழே வைத்தார். அவருடைய கமெராவின் பொத்தானை அழுத்திக்கொண்டு எண்ணை நகர்த்தி முப்பத்தாறுக்குக் கொண்டுவந்தேன். அடியிலிருந்த பிடி வழுக்கிக்கொண்டு போனது. ஷட்டர் கிளிக் என்றது. லென்ஸ் கேட்டவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வியாபாரி திருகாணியை இறுக்கினார். ஒரு சீட்டில் 180 என்று எழுதிக் கமெராவின் முன்னால் வைத்தார். என்னிடம் 110 இருந்தது. காட்டினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அத்தான் இப்போது பக்கத்தில் வந்தார். “நல்ல வேலை. செத்ததை எழுப்பி அவனுக்கு விலையைக் கூட்டிக் குடுத்திருக்கிறாய். உனக்கு என்ன மிச்சம்?”

நான் மேசையை விட்டுப் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணி நேரத்தில் ஒரு பெண் வந்து அதை வாங்கினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சீனர். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட் நகரில் இருப்பவராம் என்று அத்தான் கேட்டுச் சொன்னார். அவர் திறக்கத் தெரியாமல் நிற்க, வியாபாரி என்னைக் கைகாட்டினார். என் பிலிம் சுருளில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். காசு தர வந்தார், வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடிக்குள் பார்த்து, வளையத்தை மெல்லத் திருப்பி, “ஓ, ஒன்றாகிவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கமெரா என் பக்கம் திரும்பியிருந்தது.

படம் எடுக்கும்போது நான் யாருக்காவது பின்னால் மறைகிறவன். அன்று மறையவில்லை. சிரிக்கவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளிக் என்றது.

பின்னேரம் 4.30 பஸ்ஸுக்கு அத்தான் கொண்டுவந்து விட்டார்.

“ஏழு மணித்தியாலம் வந்து வெறுங்கையோடை போறாய். உன்ரை பிலிமையும் குடுத்துப்போட்டு.”

“ஓம்.”

“பேந்தும் இப்பிடி ஒண்டைக் கண்டால் கத்துவியோ?”

“கத்துவன் அத்தான்.”

அவர் பஸ் நகரும்வரை நின்றார்.

அந்தப் படத்தை நான் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கமெரா முழுதாக, புரோசார்ட்டில் ஒரு வீட்டில் இருக்கிறது. ரொறன்ரோவில் நாளைக் காலை ஐந்து மணிக்குப் பேக்கரியில் வேலை. அங்கே மேற்பார்வையாளர் பதினெட்டு வருடமாக என் பெயரைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார். நானும் பதினெட்டு வருடமாகத் திரும்பிப் பார்க்கிறேன். நாளைக்கு முழுப் பெயரையும் சொல்லும்வரை திரும்புவதாக இல்லை.