இரண்டாம் அறையில் அம்மாவின் படம்

எங்கள் கலைக்கூடத்தில் இப்போது இரண்டு கண்காட்சிகள் நடக்கின்றன. பெரிய அறையில் மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள், வரைந்தவர் மதுரைக்காரர். பின்னால் இருக்கும் சின்ன அறையில் நான் எடுத்த இருபது புகைப்படங்கள். தேனியில் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து ஆரம்பித்த இடம் இது. நான் இங்கே உதவியாளன். படம் மாட்டுவது, பெயர்ச்சீட்டு எழுதுவது, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் விளக்கிச் சொல்வது எல்லாம் என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயரைச் சுவரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

படங்கள் எல்லாம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள். கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். என் அம்மாவும் அந்த ஜீப்பில்தான் போகிறாள்.

அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய படம் அம்மாவுடையது. ஏலக்காய், செடியின் தூரில், தரையை ஒட்டிக் கிளம்பும் சரத்தில்தான் காய்க்கும். அம்மா தூரருகே உட்கார்ந்து, சருகை விலக்கிக் குனிந்திருக்கிறாள். சேலைக்கு மேல் அப்பாவின் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. அட்டைக்கும் குளிருக்கும் பயந்து எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவார்கள்.

அந்தக் கோலம்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தேனியில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா மாட்டுவாய், பெட்டியில் பட்டுச்சேலை இருக்கிறதே, அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், வேறு எடு என்றாள். ஒரு வாரம் கெஞ்சினேன்.

"நேர்ல வந்து பாப்பேன். பிடிக்கலைன்னா அன்னைக்கே கழட்டிறணும்" என்றாள் கடைசியில்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் பொறுப்பாளர் அம்மையாரும் சம்மதித்தார். ஆனால் அந்த ஒரு படம் போனால் மீதிப் பத்தொன்பதும் பேசாது என்று எனக்குத் தெரியும்.

தினமும் மலையேறும் ஜீப், கண்காட்சி தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை தேனிப் பக்கம் திரும்பியது. பதினோரு பேர், கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல. அம்மா அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு இறங்கினாள். படத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"ஏ மதினி, அண்ணன் சட்டை தேனிக்கு வந்துருச்சு. அண்ணனத்தான் காணோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு தெரியுதே என்று மட்டும் முணுமுணுத்தாள். கழற்றத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பெரியகுளத்திலிருந்து ஓர் ஆசிரியர் பத்துப் பதினைந்து மாணவிகளோடு உள்ளே வந்தார். பட்டுச்சேலையில் நிற்பவள்தான் படத்தில் இருப்பவள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் படத்தைக் காட்டி, இந்த முகத்தில் எவ்வளவு சோகம் பாருங்கள், பட்ட கஷ்டமெல்லாம் கண்ணில் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். இவள் என் அம்மா என்று சொன்னால் அம்மா கூனிக்குறுகிப் போவாளோ என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மாதான் திறந்தாள். "சோகமெல்லாம் இல்லைங்க சார். அந்தச் சரத்துல எது முத்துனது, எது பிஞ்சுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஆசிரியர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களாம்மா இது?"

"நாந்தான். பிஞ்சக் கிள்ளிட்டா அடுத்த எடுப்புக்குக் காய் இருக்காது. அழுதுக்கிட்டே பாத்தா எப்பிடிங்க தெரியும்?"

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். ஆசிரியரும் சிரித்தார், தப்பாகச் சொல்லிவிட்டேன், நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றார். அம்மா பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். இல்லாத செடியை இடது கையால் ஒதுக்கி, வலது கை விரல்களால் எடுத்துக் காட்டினாள். ஜீப்பில் வந்த மற்றவர்களும் உட்கார்ந்து, யார் கை வேகம் என்று சண்டையே பிடித்தார்கள். அரைமணி நேரம் அந்த அறையில் என் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

கிளம்பும்போது, கீழே என்ன எழுதியிருக்கிறாய், வாசி என்றாள் அம்மா. வாசித்தேன். அவள் முழுப்பெயர், ஊர், காய் எடுப்பில் இருபத்தாறு வருடம். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு கேட்டேன், கழற்றட்டுமா என்று.

"வேணாம், இருக்கட்டும். ஆனா ஏலே, எதுக்கு இம்புட்டு ஒசரத்துல மாட்டிருக்க? காய் அங்கனயா இருக்கு? கீழ எறக்கு."

மறுநாள் எங்களுக்கு விடுமுறை. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, பழைய ஆணி இருந்த துளையை அடைத்துப் பூசிவிட்டு, படத்தை என் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். இப்போது வருகிறவர்கள் அதன் முன்னால் குந்துகிறார்கள். சிலர் சம்மணமிட்டே உட்கார்ந்துவிடுகிறார்கள். மலைகளை வரைந்த மதுரை ஓவியர் போன வாரம் வந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். அவரும் மண்டியிட்டுத்தான் பார்த்தார்.