டெய்லர் மரியசெல்வத்தின் மாத்திரை

காரைக்கால் மாதா கோயில் தெருவில் மரியசெல்வத்தின் தையல் கடை இருந்தது. அவர் தைத்த ரவிக்கை தோளில் ஏறி இறங்காது, கால்சட்டை உட்கார்ந்து எழுந்தாலும் பிடிக்காது என்று ஊரில் பேர். அறுபத்து மூன்று வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோப்பார்.

1982 பொங்கல் முடிந்த கையோடு அவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தது. இடுப்பெலும்பில் வலி குடைந்தது. மனைவி சலோமி விடாப்பிடியாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கும் போயிருக்கிறது என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, உள்ளூர் டாக்டர் இளையபெருமாளிடம் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

“பொம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன் மாதிரி செஞ்ச மாத்திரை இது. உங்க நோய்க்கு ஆம்பள ஹார்மோன்தான் தீனி. அத இது அடக்கிடும்” என்றார் டாக்டர்.

மருந்துக்கடை காதர் பாட்சா சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் புட்டியைக் கொடுத்தார். “தினம் ஒண்ணுண்ணே. ஒருநா மறந்துட்டா மறந்ததுதான், மறுநா ரெண்டா முழுங்காதீங்க. உங்க மருமக மாசமா இருக்கு பாருங்க, அது கையில படாம வைங்க.”

மூன்றே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. ரிக்‌ஷாவில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர் தருமபுரத்து வீட்டிலிருந்து நடந்தே போனார். மிஷினை மிதித்துக்கொண்டே கோயில் பாட்டு பாடினார்.

ஏப்ரலில் நெஞ்சு வலிக்கிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் வலி மார்புக் காம்பில். தானே வெட்டித் தைத்த சட்டையின் மூன்றாவது பொத்தான் இழுத்துப் பிடித்தது. மார்பு வீங்குகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஊருக்கே அளவெடுக்கிறவர். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமும் மூச்சுவிடாமல் மாத்திரையை நிறுத்தினார்.

பத்தே நாளில் சலோமி கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏங்க, புட்டியில ஒண்ணும் கொறையலையே?”

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “நான் ஒருத்தன் மார அளக்கறேன், அவன் என் மார பாக்கறான், சலோமி.”

சலோமி சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ப் பொம்பளைங்களுக்கு ரவிக்கை தைக்கிறீங்க. உங்களுக்கு ஒரு சட்டை தைச்சிக்கத் தெரியாதா?”

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். அவருக்கும் சிரிப்புதான் வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. “இது அந்த மருந்தோட கொணம், இதுக்குப் பயப்பட வேணாம். ஆனா நீங்களா நிறுத்துனா நோய் திரும்ப எழுந்துக்கும். ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்க. இந்த மருந்துல ரத்தம் கட்டிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அடைச்சாலோ நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே வாங்க.”

அன்றே மாத்திரையை மறுபடி தொடங்கினார். தோளுக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு மடிப்பு வைத்துத் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார். மீன் ஏலக்காரர் சொக்கநாதனுக்குப் பெருத்த உடம்பு. சட்டையைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “டெய்லரே, காத்தோட்டமா இருக்கே. எனக்கு ரெண்டு தைங்க.” ஜூலைக்குள் காரைக்காலில் பதினான்கு பேர் மடிப்புச் சட்டையில் திரிந்தார்கள். ஏன் அப்படித் தைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கால் விஷயத்தை மட்டும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் பல் விளக்கியதும் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளப்பார். வாடிக்கையாளர் அளவு நோட்டில் தன் பேருக்கும் ஒரு பக்கம் போட்டு எழுதி வந்தார். இரண்டும் பதிமூன்றே முக்கால் அங்குலம்.

ஆகஸ்டில், மாதா கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில், இடது கால் பதினாலரை காட்டியது. வலி இல்லை. கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடையிலோ திருவிழாத் துணி மலையாகக் கிடந்தது. தேர் போகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு மறுபடி அளந்தார். அதே பதினாலரை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, சலோமியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் காலை அமுக்கியபோதுதான் சுரீர் என்றது. “ரத்தம் கட்டத் தொடங்கியிருக்கு. இது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தா ஆபத்து” என்றவர், புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். மாத்திரையை நிறுத்திவைத்து, பத்து நாள் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். கால் வற்றிய பிறகு பழைய அளவில் மூன்றில் ஒரு பங்காக்கி மறுபடி கொடுத்தார்கள். அதற்கே நோய் அடங்கிக் கிடந்தது.

திருவிழாத் துணி தாமதமானதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. வெட்டி வைத்தவற்றைச் சலோமி படுக்கைக்கே கொண்டுவந்தாள். அவர் சாய்ந்தபடி பொத்தான் கட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் நூல் கோத்துக் கொடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி தோள் சரியில்லாத தன் ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை சலோமி பஸ்ஸில் வழி நெடுக ஜெபமாலை உருட்டினாள். போகப்போக அது உல்லாசப் பயணமாகிவிட்டது. சலோமி முதல் நாளே புளிச்சோறு கட்டிவிடுவாள். டாக்டர் நல்லபடியாகச் சொன்னதும் கடற்கரைக்குப் போவார்கள். போகிற வருகிறவர்களின் உடுப்பில் எங்கே தையல் கோணல் என்று அவர் காதோடு சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.