மை வைக்கும் விரல்

வாக்குச்சாவடியில் "இடது கையை நீட்டுங்கம்மா" என்று மை வைக்கிறவர் சொன்னதும் எனக்கு ஒரு நொடி கை எழும்பாது. பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். போன முறை மை வைத்த பையன், "சீக்கிரம் பாட்டி" என்றான். பாட்டியாம். நீட்டினேன். குச்சி முனை நகத்தில் பட்டதும் வழக்கம்போல் பிரஸ் அக்காவின் ஞாபகம் வந்தது. அந்த மை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும், பிறகு ஏன் அவள் அந்தப் பக்கமே போகவில்லை என்பதும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தேன். பாறையும் ராகிக் கொல்லையுமாக இருந்த இடத்தில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். தகட்டை வெட்டி வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பிரஸ் மெஷினில் உட்கார்ந்திருந்தவளைத்தான் எல்லோரும் பிரஸ் அக்கா என்றார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்துக்காரி. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் களை பறித்த குடும்பம். எங்களிடம் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். "தெக்கத்திக்காரி, நீ திட்டறியா கொஞ்சறியான்னே தெரியலயேடி" என்று என்னைக் கேலி செய்வாள்.

தேர்தல் நாள் என்றால் எங்கள் லைன் வீடுகளில் அது இன்னொரு லீவு நாள், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருந்தது. மீதிப் பேர் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "யார் வந்து என்ன ஆகப்போகுது" என்று படுத்துவிடுவார்கள். அக்கா மட்டும் தலைக்குக் குளித்து, கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவாள். "நெலத்துக்காரன் நம்மள ஊட்டுக்குள்ள உட்டதில்ல. இங்க அவனும் நம்ம பின்னாலதான் நிக்கணும். அதப் பாக்கவாவது வாங்கடி" என்பாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் போவோம். மறுநாள் மை விரலோடு மெஷினில் உட்காரும்போது அவளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை அழுத்தினபடியே கம்பியால் கட்டிவிட்டால், ஒரு கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டலாம். உருப்படி கூடும். சூப்பர்வைசர் கட்டினார். ஒரு நாள் டீ வரும் நேரத்தில் அக்காவின் இடது ஆள்காட்டி விரல் அதில் போயிற்று. அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

விசாரிக்க அதிகாரி வந்த நாளில் கம்பி மாயமாகியிருந்தது. அக்காவுக்காகப் பேசுகிறேன் என்று அவள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். கட்சியில் பெரிய கை. அவர் கைகாட்டிய சின்னத்துக்குத்தான் அக்கா எப்போதும் ஓட்டுப் போடுவாள். "உன் கவனக்கொறவுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. வேல போவாது. அந்தக் கம்பிய இனிமே யாரும் கட்டாம நான் பாத்துக்கறேன்" என்றார். வேலைக்காக அவள் போடவில்லை. கம்பிக்காகப் போட்டாள். ஏனென்றால் அடுத்து அந்த மெஷினில் உட்காரப்போவது நான்.

அக்காவைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நான் மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் கம்பி திரும்பி வந்துவிட்டது. அவள் அவர் வீட்டுக்கும் கம்பெனிக்குமாக நடையாய் நடந்தாள். "பாக்கலாம்மா" என்றார். அடுத்த முறை பார்த்தபோதும் அதையேதான் சொன்னார். பிறகு தேர்தல் வந்தது, அவரே வேட்பாளராக நின்றார்.

அன்று எங்களை ஏற்றிப்போக வேன் வந்தது. அக்கா பழைய புடவையோடு குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் எழாததால் பெண்கள் யாரும் ஏறவில்லை. வேன் காலியாகத் திரும்பியது. மத்தியானம் அவரே வந்தார்.

"ஏம்மா, நீயே வரலேன்னா எப்பிடி? லைனே உன் மூஞ்சியப் பாத்துகினு நிக்குது."

"கம்பிய அவுத்துட்டு வாண்ணா. கூட நடந்தே வரேன்."

"லீவு நாள்ல கம்பெனி பூட்டிக் கெடக்குதேம்மா. மொதல்ல ஓட்டப் போடு. நாளைக்கே பேசறேன்."

அக்கா சோப்பு நுரையோடு இடது கையை நீட்டினாள். "மை வெக்கற வெரல ஏற்கெனவே குடுத்துட்டேண்ணா. இன்னும் என்னா கேக்கற?"

அவர் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "வேற ஆளுக்காவது போட்டுத் தொலையேன்க்கா. சும்மா இருந்தா ஒன் கோவம் யாருக்குத் தெரியும்?" என்று சண்டை போட்டேன். "போட்டப்ப மட்டும் தெரிஞ்சுதா?" என்றாள். நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அவர் ஜெயித்தார். எங்கள் பக்கம் ஓட்டு குறைந்ததற்கு ஜனங்களின் அலட்சியம்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கினவனும் அக்காவும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தேர்தலுக்கு மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மெஷினில் இருந்த கம்பியை அக்கா அவிழ்த்தாள். சூப்பர்வைசர் கட்டினார். அடுத்த நாளும் அவிழ்த்தாள். இப்படியே போனது. கடைசியில், மெஷினில் கை வைத்தாள் என்று சொல்லி அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று தெலுங்கில் அவள் திட்டியது உள்ளே வரை கேட்டது. அன்று சூப்பர்வைசர் கம்பியோடு வந்தபோது நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. பக்கத்து மெஷின்காரி எழுந்தாள், அவளுக்கு அடுத்தவளும் எழுந்தாள். கொஞ்ச நேரம் எங்களை முறைத்துவிட்டு, அவர் கம்பியை மூலையில் எறிந்தார். பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. ஆனால் அக்காவைத் திரும்பச் சேர்க்கவும் இல்லை.

அவள் களை பறிக்கவே போய்விட்டாள். பல வருஷம் கழித்து கெலவரப்பள்ளியில் பார்த்தபோது, "ஓட்டுப் போடறியாக்கா?" என்று கேட்டேன். "அத உடு. மெஷின்ல எல்லாருக்கும் கை நல்லா இருக்குதா?" என்று கேட்டாள்.

அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. போன முறையும் அந்தப் பையன் மை வைத்துவிட்டு, "காயற வரைக்கும் தொடாதீங்க பாட்டி" என்றான். விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வெளியே வந்தேன். ஓட்டுப் போட மாட்டேன் என்ற ஒருத்தி எனக்குக் காப்பாற்றிக் கொடுத்த விரல் அது.