அக்காவின் படத்துக்கு ஒரு லென்ஸ்

காலை ஐந்து மணிக்கு மன்னார் பஸ் நிலையத்தில் ஏறினேன். மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று சுற்றிப் போகும் பஸ். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். கமராப் பை மடியில் இருந்தது. புத்தளத்தில் கூட்டம் ஏறியதும் கண்டக்டர், "அய்யே, பேக் எக பிமின் தியன்ன" என்றான் சிங்களத்தில். பையைக் கீழே வைக்கச் சொல்கிறான். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கமரா பழையது. மன்னாரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில் வாங்கினேன். அதன் சென்சர் அந்தக் காலத்துப் பிலிம் அளவுக்குப் பெரியது. என்னிடம் இருந்த ஒரே லென்ஸோ சின்னச் சென்சருக்குச் செய்தது. மாட்டி எடுத்தால் படத்தின் நாலு மூலையும் கறுத்துப்போகும். நான் எடுப்பது பெரும்பாலும் செத்தவீட்டுப் படங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப. அந்தக் கறுப்பைத் துக்கத்துக்காக நான் வேண்டுமென்றே வைத்தது என்று நினைத்துப் பாராட்டியவர்களும் உண்டு. எனக்குக் கதைக்க வராது. அந்த வேலைக்குக் கதை தேவையுமில்லை. முடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லிப் புறப்படுவது எங்களிடம் முறையில்லை.

ஆனால் இந்தப் படத்தில் மூலை கறுக்கக் கூடாது. அக்கா போனவாரம் கொழும்பிலிருந்து போனில் சொன்னாள்: "டொக்டர்மார் இனி மருந்து வேண்டாம் எண்டிட்டினம். என்னட்ட ஒழுங்கான படம் ஒண்டுமில்லை. ஐடி கார்ட் படத்தைப் பெருப்பிச்சு மாலை போட்டிடுவினம். அதில நான் பிடிபட்ட கள்ளி மாதிரி இருக்கிறன். நீ வந்து எடு."

பகல் ஒரு மணிக்குக் கொழும்பு, புறக்கோட்டை பஸ் நிலையம். கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனேன். பெரிய தேவாலயத்தின் குவிமாடம் தெரியும் ஒரு தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பழைய லென்ஸ் விற்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் என் வயதுக்காரர். கழுத்தில் ஜெபமாலை. கமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது நல்ல கமரா. ஆனா வெளிச்சம் குறைஞ்சா படத்துல மணல் கொட்டின மாதிரி வரும். பெருசா வாய் திறக்கிற லென்ஸ் போடோணும். என்ன எடுக்கப் போறீங்க? கலியாண வீடா?"

"ஒராள்."

"ஒராளுக்கா மன்னார்ல இருந்து வந்தீங்க? ஆரு, நடிகையா?"

"அக்கா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று லென்ஸ்களை மேசையில் வைத்தார். ஒரு சூம், கிட்டவோ தள்ளியோ எங்கு நின்றும் எடுக்கலாம், ஆனால் இருட்டைத் தாங்காது. ஓர் ஐம்பது மில்லிமீற்றர். ஓர் எண்பத்தைந்து. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லென்ஸில் எழுதியிருப்பதில் எனக்குப் புரிவது எண்கள்தான். ஐம்பதைப் போட்டு அவரை எடுத்தேன். சரியாக இருந்தது. எண்பத்தைந்தைப் போட்டு எடுத்தேன். பின்னால் இருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் கரைந்து, அவருடைய களைத்த முகம் மட்டும் அமைதியாக நின்றது. எனக்கு அது போதும் என்று பட்டது.

"இதுக்குத் தள்ளி நிக்கோணும் அண்ணே. ரூம் எவ்வளவு பெருசு?"

"பெரிய ஹோல்," என்றேன். அவர், "அறுபத்திரண்டாயிரம் ரூபா. பிறகு கொண்டுவந்தா எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். நான் விலை பேசவில்லை. காசை எண்ணிக் கொடுத்தேன்.

மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, அக்கா இருக்கும் வெள்ளவத்தைக்குப் போனேன். பத்துக் கிலோமீற்றர்தான் இருக்கும், ஒன்றரை மணி நேரம் எடுத்தது. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்ததும் என் பிழை விளங்கியது. நான் கடைக்காரரிடம் சொன்னது அக்காவின் மன்னார் வீட்டு ஹோலை. வைத்தியத்துக்காக அவள் மகளோடு குடிவந்த இந்த பிளாட்டுக்கு நான் வந்ததே இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, அவ்வளவுதான் இடம். ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

மகள் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அக்கா மயில்நிறச் சீலை உடுத்துக் கதிரையில் தயாராக இருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

"வாடா. சாப்பிட்டனியோ?"

"ஓம்." சுவரில் முதுகு முட்டும்வரை பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். "முகம் மட்டுந்தான் விழுது அக்கா."

"முகத்தில என்ன கிடக்கு இப்ப? சீலை விழவேணும். கரையோட."

கதிரையைக் கதவைப் பார்க்கத் திருப்பினேன். கதவைத் திறந்து வெளியே போய், நடைவழியின் அடுத்த பக்கம்வரை பின்வாங்கினேன். எதிர்வீட்டு வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே நின்றால்தான் சீலைக் கரை முழுதாக விழுந்தது. நடைவழியின் கடற்பக்க முனை திறந்தது. மாலை வெயில் அதன் வழியாக வந்து, கதவுக்குள் நுழைந்து அவள்மேல் பட்டது. வெளிச்சம் கிடைத்தது என்று நினைத்த நேரம் எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

"என்ன தம்பி, எங்கட செருப்புக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்?" ஒரு நடுவயது அம்மா. அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அட, நல்ல சீலை! ஆரின்ர விசேஷம்?"

"என்ரதான்," என்றாள் அக்கா.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பிறகு குனிந்து, என் காலடியில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

நான் படம் எடுக்கிறவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "சிரிக்கவோடா?" என்று கேட்டாள். எடுத்தேன். வெயில் இறங்கும்வரை எடுத்தேன்.

அடுத்த நாள் காலை மன்னார்ப்பக்கம் அடம்பனில் ஒரு செத்தவீடு ஒப்புக்கொண்டிருந்தேன். இரவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லென்ஸை மூடிப் பையில் வைத்து, தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்று கமராத் திரையில் பார்த்தேன். மூலைகள் நாலும் வெளிச்சமாக இருந்தன. சீலைக் கரை விழுந்திருந்தது. கடைசிப் படத்தில் அவள் வாய் சற்றுத் திறந்திருந்தது. வாசலில் நிற்பவன் விடைபெறுவான், பதில் சொல்லலாம் என்று காத்திருக்கும் முகம். அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்த பழக்கத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

புறக்கோட்டை பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. ஒழுங்கையில் திரும்பி மூன்று மாடியும் ஏறினேன். கதவு திறந்தபடி இருந்தது. அக்கா அதே கதிரையில், அதே சீலையில் இருந்தாள்.

"என்னத்தை விட்டிட்டுப் போனனீ?"

"ஒண்டுமில்லை." மூச்சு வாங்கியது. "போயிட்டு வாறன் அக்கா."

"நானும் பாத்தன், செத்தவீட்டால போற மாதிரிப் போறான் எண்டு. சரி, போயிட்டு வா."

மறுநாள் காலை அடம்பனில் லென்ஸ் நன்றாக உதவியது. எங்கள் பக்கத்து முற்றங்கள் பெரியவை. யாருடைய அழுகைக்கும் கிட்டப் போகாமல் வேலி ஓரத்தில் நின்றே எடுக்க முடிந்தது. முடிந்ததும் பையைத் தோளில் போட்டேன். முறைப்படி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன்.